மெலிவும் வலிவும்: ஓர் இசைச்சொல் ஆராய்ச்சி

பொங்கலூர்ப் பக்கத்துச் சிவாலயம் ஒன்றிற் சிறுவர்க்குத் தேவாரம் பயிற்றும் வகுப்பிற் கையாளப்பெறும் குறிப்புச் சுவடி ஒன்று அண்மையில் எம் பார்வைக்கு வந்தது. இசைக்குரிய அடிப்படைச் சொற்கள் சில அதன் முதற் பக்கத்தில் விளக்கப்பட்டுள்ளன. அவற்றுள், வலிவாவது உரத்துப் பாடுதல், மெலிவாவது மெல்லப் பாடுதல், சமனாவது இரண்டற்கும் இடைப்படப் பாடுதல் என்று வரையப்பட்டிருக்கக் கண்டோம். சுவடியைத் தொகுத்தவர் ஊதியங் கருதாது பிள்ளைகட்குப் பதிகம் ஓதுவிக்கும் அன்பர். அவர்பாற் குறை காண்டல் எம் கருத்தன்று. இக்கொள்கை அவரொருவர்பால் மட்டும் உள்ளதுமன்று. மேனாட்டு இசைச்சொற்களைத் தமிழ்ப்படுத்துவார் பலரும் 'போர்ட்டே' என்பதற்கு வலிவு என்றும் 'பியானோ' என்பதற்கு மெலிவு என்றும் எழுதி வருகின்றனர். ஆயினும் இவ்வரையறை பிழையுடையது. இதனைக் கைக்கொண்டு பெரியபுராணத்து ஆனாய நாயனார் சரிதத்தைப் படிப்பார்க்குச் சேக்கிழார் பெருமான் கூறியதொன்றாகவும் தாம் உணர்ந்தது வேறொன்றாகவும் முடியும். ஆதலின் இதனைச் சிறிது விரித்து ஆராய்தல் வேண்டுவதாயிற்று.

ஒலியொன்றைக் கேட்குங்கால் நம் செவி மூன்று இயல்புகளை வேறு வேறாக அறிகின்றது. ஒன்று, அவ்வொலி மேலேறி நிற்கின்றதோ கீழிறங்கி நிற்கின்றதோ என்பது. அதிரும் பொருள் ஒரு நொடியில் எத்துணை முறை அதிர்கின்றது என்பதே இதற்குக் காரணம். அத்தொகை இரட்டித்தால் ஒலி ஒரு தானம் மேற்சென்று அந்த நரம்பாகவே மீண்டும் நிற்கும். இதனைப் பாடுவோர் சுருதி என்ப. ஆர்மோனியப் பழக்கத்தால் ஒரு கட்டை, ஐந்து கட்டை என அளவிட்டும் வழங்குவர். மற்றொன்று, ஒலி பெரிதோ சிறிதோ என்பது. அதிர்வின் வீச்சு அகன்றால் ஒலி பெரிதாம், குறுகினாற் சிறிதாம். பள்ளிப் பாடநூல்கள் இதனை உரப்பு என்கின்றன, நல்ல சொல்லே. பிறிதொன்று, ஒரே சுருதியில் ஒரே உரப்பில் ஒலிப்பினும் நாகசுரத்தை நாகசுரமென்றும் குழலைக் குழலென்றும் நாம் அறிதற்கு ஏதுவாகிய தன்மை. முதல் ஒலியோடு உடன்பிறக்கும் மேலொலிகள் எவ்வெவ்வளவிற் கலந்துள்ளன என்பதனால் இஃது அமைகின்றது என்பதை எல்ம்ஹோல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் 1863-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார்.

இம்மூன்றும் தம்முள் வேறானவை என்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. திருக்கோயிற் கம்பத்திற் கட்டிய ஒலிபெருக்கியே சான்றாம். அதன் குமிழைத் திருகினால் ஓதுவாரின் பாட்டு ஊரெல்லை வரை பெருகுகின்றது. ஆயினும் அவர் பாடிய சுருதி ஓர் அலகேனும் ஏறுகின்றதில்லை. பெருகியது உரப்பு மாத்திரமே. அக்கருவி பழுதுற்றுக் கரகரக்குமாயின் கெட்டது நாதம். அப்பொழுதும் சுருதி நின்றபடியே நிற்கும்.

இனி, வலிவு மெலிவு என்பன இம்மூன்றனுள் எதனைக் குறிக்கும் என்று காண்பாம். இதற்குச் சேக்கிழார் பெருமானே தெளிவான விடை தந்து வைத்துள்ளார். மழநாட்டுத் திருமங்கலத்திற் கொன்றையின்கீழ் நின்று ஆனாயர் திருவைந்தெழுத்தைக் குழலில் இசைத்த திறத்தைக் கூறுமிடத்து, மந்தரம், மத்திமம், தாரம் என்னும் மூன்று தானங்களையும் ஓரடியில் நிறுத்தி, அடுத்த அடியிலேயே தந்திரிகளை மெலிவித்தல், சமங்கொள்ளல், வலிவித்தல் என்னும் மூன்று தொழில்களை அவ்வரிசையிற் கூறுகின்றார். இது நிரனிறையாதல் வெளிப்படை. மந்தரத்திற்கு மெலிவு, மத்திமத்திற்குச் சமன், தாரத்திற்கு வலிவு என வடசொல்லும் தென்சொல்லும் ஒன்றற்கொன்று உரையாக நிற்கின்றன. மந்தரம் தாழ்ந்த தானம், தாரம் உயர்ந்த தானம் என்பதில் ஒருவர்க்கும் ஐயமில்லை. தாரம் என்பது ஏழாம் நரம்பிற்கும் பெயராதலின், இவ்விடத்து அதனை நரம்பெனக் கொண்டு மயங்குவாரும் உளர். மந்தரமும் மத்திமமும் உடனின்றலின் அது தானப் பெயரேயாம்.

ஈண்டு நம் கருத்தை ஈர்ப்பது மற்றொரு சொல். நாயனார் வாசித்தது குழல். குழலில் நரம்பு ஏது? 'தந்திரிகள்' என்று பெருமான் அருளியது எங்ஙனம் பொருந்தும் என்று கடாவின், கூறுதும். யாழே இசைக்கு அளவுகோலாய் நின்ற காலத்து, இசையொன்றைக் குறித்தற்கு நரம்பு என்னும் சொல்லே வழங்கியது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் நரம்பெனவே சொல்லப்பட்டன. அவ்வழக்குக் குழலுக்கும் மிடற்றுக்கும் பரவிற்று. எனவே குழலிசையைக் கூறுமிடத்தும் புலவர் யாழின் சொல்லால் தந்திரிகள் என்றார். அதனோடு வந்த மெலிவித்தல், வலிவித்தல் என்பனவும் யாழின் சொற்களே. நரம்பைத் தளர்த்தினால் ஓசை இறங்கும். முறுக்கி இறுக்கினால் ஓசை ஏறும். தளர்ந்த நரம்பு மெலிந்தது. இறுகிய நரம்பு வலிந்தது. இங்ஙனம் நரம்பின் நிலைக்கு இட்ட பெயர் ஓசையின் நிலைக்கு ஆயிற்று. இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வு இரு மடங்காம் என்று 17-ஆம் நூற்றாண்டில் மேனாட்டார் கணக்கிட்டனர். கணக்கின்றியே யாழோர் கை அதனை அறிந்திருந்தது.

அற்றன்று, குழலில் மூச்சை வலிந்து ஊதினாலன்றோ மேற்றானம் பிறக்கும், மெலிந்து ஊதினாலன்றோ கீழ்த்தானம் பிறக்கும், ஆகலின் வலிவென்பது மூச்சின் வன்மையாய் உரப்பையே குறிக்கலாமன்றோ எனின், இது நல்ல வினாவே. எனினும் இரண்டு காரணத்தால் அது பொருந்தாது. முதலாவது, பயின்ற குழலோர் இதழ்களைக் குவித்துத் துளையிற் படும் காற்றைக் கூர்மையாக்கி மேற்றானத்தை மிக மென்மையாகவே ஒலிப்பர்; உரப்பு இல்லாமலே வலிவு அவர்க்கு வாய்க்கின்றது. இரண்டாவது, மெலிவித்தற்கும் வலிவித்தற்கும் சேக்கிழார் வைத்த செயப்படுபொருள் தந்திரியேயன்றி வளியன்று. மூச்சைப் பற்றிய தொழிலாயின் அதனைத் தந்திரிமேல் ஏற்றிக் கூறார்.

சிலப்பதிகாரமும் இதற்கு அரண் செய்கின்றது. அரங்கேற்று காதையில் வலிவு, மெலிவு, சமன் என்னும் சொற்கள் யாழாசிரியன் அமைதி கூறும் பகுதியிலே வருகின்றன. பாட்டாசிரியனையோ தண்ணுமை ஆசிரியனையோ கூறும் பகுதியில் அல்ல. பதினான்கு நரம்புடைய கோவையில் உழை முதலாகத் தொடங்கி, உழை, இளி, விளரி, தாரம் என்னும் நான்கு மெலிவிலும், குரல் முதல் தாரம் ஈறாக ஏழும் சமனிலும், குரல், துத்தம், கைக்கிளை என்னும் மூன்று வலிவிலும் நிற்கும் என்பது பழைய கொள்கை. நான்கும் ஏழும் மூன்றும் கூடப் பதினான்காயின. உரத்தலும் மெல்ல ஒலித்தலுமே இச்சொற்களுக்குப் பொருளாயின், உழையை மெல்லவும் கைக்கிளையை உரக்கவும் மீட்டவேண்டுமென்று நூல் விதித்ததாக முடியும். அங்ஙனம் எவ்விசைவாணரும் செய்யார்.

கானல்வரியில் வரும் யாழ்த்தொழில் எட்டனுள் உந்தல் என்பதும் ஒன்று. நரம்பைத் தள்ளிப் பார்த்து அது வலிவில் நிற்கின்றதா மெலிவில் நிற்கின்றதா, வரிசை ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று ஆராய்தலே அஃது என்பது அரும்பதவுரை தரும் விளக்கத்தின் சாரம். கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைத்திலாமையால் இவ்வரும்பதவுரையே நமக்கு ஊன்றுகோலாகின்றது. அறிதற்காக உந்திப் பார்க்கும் தொழிலில் உரப்பிற்கு யாது வேலை?

வலித்தல் என்னும் வினைக்கு இழுத்தல் என்னும் பொருள் தமிழில் உண்டென்பதும் நினைக்கத்தக்கது. துடுப்பு வலித்தல் என்கின்றோம். இதனை முடிந்த சான்றாக யாம் கொள்ளவில்லை. துணைச் சான்றாகவே வைக்கின்றோம். யவன மொழியிலும் இதற்கோர் ஒப்புமை உண்டு. ஓசை நிலையைக் குறிக்கும் 'தோனோஸ்' என்னும் அவர்தம் சொல் இழுத்து நீட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்ததே. அவர்களே, யாழ்போன்ற தம் கருவியில் நரம்பு கட்டிய இடம் நோக்கி, உச்சியிலுள்ளது என்று பொருள்படும் பெயரை மிகத் தாழ்ந்த ஓசைக்கு இட்டனர் என்பதும் அறியத்தக்கது. பெயர் ஓசையிலிருந்து வாராமல் கருவியிலிருந்து வருதல் பல நாட்டார்க்கும் பொது. ஏற்றத்தையும் உரப்பையும் மயக்குதலும் அங்ஙனமே பொதுவாய பிழை. இடைக்காலத்துப் பிரெஞ்சு நாட்டார் பேரொலிக் கருவிகளை உயர்ந்தவை என்றும் சிற்றொலிக் கருவிகளைத் தாழ்ந்தவை என்றும் பகுத்தனர். ஓபோ என்னும் ஊதுகருவியின் பெயர் அவ்வழக்கின் எச்சம். 'உயர்ந்த குரலிற் பேசாதே' என்று நாமும் வீட்டிற் சொல்லுகின்றோமன்றோ? பேச்சு வழக்கில் அது குற்றமாகாது. கலைச்சொல்லில் ஆகும்.

அடியார்க்கு நல்லாரைக் குறித்தமையால், கொங்கு நாட்டார்க்கு உரிய செய்தியொன்றை இவ்விடத்துக் கூறாது செல்லல் இயலவில்லை. அவர் குறும்பு நாட்டு நிரம்பையைச் சார்ந்தவரெனக் கொங்கு மண்டல சதகம் போற்றுகின்றது. பழந்தமிழிசையின் சொற்களுள் நமக்கு இன்று பொருள் விளங்குவனவற்றிற் பெரும்பகுதி அவர் உரையால் விளங்குவனவே. 1892-இல் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையை அச்சேற்றியிராவிடின், 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் வெளியிட்ட கருணாமிர்த சாகரமோ, 1947-இல் விபுலாநந்த அடிகள் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றிய யாழ்நூலோ இன்றுள்ளபடி தோன்றியிரா. கொங்கு நாட்டிற் பிறந்த உரையைக் கொங்கு நாட்டுப் பிள்ளைகள் பிழைபடக் கற்பதே எம்மை எழுதத் தூண்டிற்று என்று கொள்க.

மற்றொன்று. யாழ் நரம்பிற்குரிய குற்றங்களாகக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கனைப் பழைய நூலுரைகள் ஓதும். சிந்தாமணியிற் சீவகன் காந்தருவதத்தையின் முன்னர் யாழ் பலவற்றை இக்குற்றம் இக்குற்றமெனக் காட்டி விலக்கிய பகுதியைப் புலவர்க்கு விளக்கப் புகின் நெடும்பொழுது கழியும். பல்லடம், பொங்கலூர், திருப்பூர்ப் பக்கத்து நூலாலைத் தொழிலாளரிடம் இந்நான்கனையும் சொன்னால் அவர் நகைத்துவிட்டு, 'எங்கள் நூலுக்கும் இவையே குற்றம்' என்பர். புரி ஒவ்வாமையும், முறுக்கு மிகுதலும், இழையின்மேல் மயிர் எழுதலும், தும்பு கலத்தலும் அவர் நாடோறும் காண்பன. தறியிற் பாவின் இழை தளர்ந்தால் யாது நேரும், இறுகினால் யாது நேரும் என்பதும் அவர் அறிவர். மெலிவு வலிவு என்னும் சொற்களை அவர்தம் பிள்ளைகட்கு விளக்குதற்கு இதனினும் எளிய வழி யாது? உரத்தல், மெல்லப் பாடல் என்று சொல்லி வழியை அடைத்துவிட்டோம்.

அங்ஙனமாயின் உரப்பிற்குப் பழந்தமிழிற் சொல்லே இல்லையோ எனின், உண்டு. அதனை யாழிடத்துத் தேடியதே தவறு, முழவிடத்துத் தேடவேண்டும். தண்ணுமை ஆசிரியனுக்கு வேண்டும் திறங்களுள் ஆக்கல், அடக்கல் என இரண்டு அரங்கேற்று காதையிற் கூறப்படுகின்றன. பிற கருவிகளின் இசை குறைந்த இடத்தை நிரப்புதல் ஆக்கல் என்றும், மிகுந்த இடத்தை அடங்கச் செய்தல் அடக்கல் என்றும் உரை கூறும். யாழும் குழலும் பாட்டும் தன் முழக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி கைவிரல் அறிந்து நடத்தலே அவன் புலமை. ஏற்ற இறக்கச் சொற்கள் நரம்பிலே பிறந்தமை போல, பெருக்கச் சுருக்கச் சொற்கள் தோலிலே பிறந்தன. ஓசை பெருகுதலை ஆக்கல் என்றும் சுருங்குதலை அடக்கல் என்றும் கூறுதல் இன்றைய பாடகர்க்கும் எளிதிற் பொருந்தும். 'இந்த அடியை அடக்கிப் பாடு' என்று ஆசிரியர் சொன்னாற் சிறுவர் உடனே உணர்வர். அதனோடு உரப்பு என்னும் பாடநூற் சொல்லையும் பண்பின் பெயராக வைத்துக்கொள்ளின் குறையொன்றுமில்லை.

ஒலித்தன்மைக்குரிய சொல்லே சிக்கலுடையது. இசைவாணர் இதனை நாதம் என்றே வழங்குவர். நல்ல நாதமுள்ள வீணை, நாதம் போன மத்தளம் என்பன நாம் கேட்டறிந்த தொடர்கள். பாடுவோர்க்காயின் சாரீரம் என்பர். சித்தாந்தம் பயின்றார் இதற்கு உடன்படத் தயங்குவர். நாதமாவது சுத்தமாயையினின்று முதற்கண் தோன்றும் தத்துவம். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் வாக்கு நான்கனுள் செவிக்குப் புலனாவது வைகரி ஒன்றே. அவ்வைகரியின் ஒரு தன்மைக்குத் தத்துவத்தின் பெயரை இடுதல் தகுமோ என்பது அவர் தயக்கம். எமக்கு அது பெருந்தடையாகத் தோன்றவில்லை. சுருதி என்னும் சொல் வேதத்தையும் குறித்து, பாடுவார்தம் ஆதார ஓசையையும் குறித்து, இருபத்திரண்டு அலகுகளுள் ஒன்றையும் குறித்து நிற்கவில்லையா? இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் ஆற்றல் தமிழ் படிப்பார்க்கு உண்டு. ஊரார் நாவிலுள்ள சொல்லைப் பறித்துப் புதுச்சொல் புகுத்துதல் வேண்டா.

வல்லினம், மெல்லினம் என்னும் எழுத்திலக்கணப் பெயர்கள் உரப்பைக் குறிப்பனவன்றோ, அவற்றை நோக்கி வலிவையும் உரப்பென்றால் என்னை என்று வினவுவாரும் உளர். அவை உரப்பைக் குறிப்பனவல்ல என்பது எம் துணிபு. நன்னூலார் வல்லினத்திற்கு நெஞ்சும், மெல்லினத்திற்கு மூக்கும், இடையினத்திற்கு மிடறும் இடமென வகுத்தார். ககரத்தை மெல்லச் சொன்னாலும் அது வல்லெழுத்தே. ஙகரத்தைக் கத்திச் சொன்னாலும் அது மெல்லெழுத்தே. எனவே ஆண்டு வன்மை மென்மை என்பன ஒலித்தன்மையின் பாற்படும். ஓசையின் ஏற்ற இறக்கத்தை அவ்வாசிரியர் எடுத்தல், படுத்தல், நலிதல் என வேறாகவே ஓதினார். ஆகவே வலி என்னும் ஒரே சொல்லடி எழுத்தில் ஒலித்தன்மையையும், யாழில் ஏற்றத்தையும், பேச்சு வழக்கில் உரப்பையும் தழுவி நிற்கின்றது. மயக்கத்தின் வேர் இதுவே.

ஒலித்தன்மைக்குப் பொதுப்பெயர் கூறுதலினும் கருவிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்தலையே நம் அருளாளர் விரும்பினர் போலும். காரைக்காலம்மையார் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் ஏழிசையின் பெயர்களோடு கொக்கரை, தக்கை, துந்துபி, மத்தளம், மொந்தை, வீணை, குடமுழா முதலிய பலவற்றை ஒரு பாட்டிலேயே நிரப்பி வைத்துள்ளார். படிப்பவர் செவியில் ஒவ்வொன்றும் தன் தன் நாதத்தோடு எழுகின்றது. இவற்றுட் பல இன்று கேட்டற்கு அரியன. கேளாத கருவியின் பெயரை ஓதுங்கால் அப்பாட்டின் ஒரு பகுதி நமக்கு ஊமையாய் விடுகின்றது.

இனி, இப்பிழையால் நேர்வது யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். எம் பக்கத்து அடியார்கட்கு உரிய பதிகங்கள் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய இரண்டு: திருமுருகன்பூண்டிப் பதிகம் பழம்பஞ்சுரம், திருப்புக்கொளியூர் அவிநாசிப் பதிகம் குறிஞ்சி. இன்றைய ஓதுவார் மரபு முன்னதைச் சங்கராபரணத்திலும் பின்னதை அரிகாம்போதியிலும் பாடும். சேரமான் பெருமாள் தந்த பொருளை வேடர் பறித்துக்கொள்ள, இத்தகைய இடத்தில் எம்பெருமானே நீர் எதற்கு இருக்கின்றீர் என்று உரிமையோடு கேட்பது பூண்டிப் பதிகம். அவ்வினா எழும் அடியில் இசை மேலேறுகின்றது. மேற்கூறிய வகுப்பில் ஒரு சிறுமி அவ்விடத்தைப் பாடக் கேட்டோம். 'வலிவிற் பாடு' என்றவுடன் அவள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். சுருதி கீழே நின்றுவிட்டது, நாதமும் பிளந்தது. இறைவனோடு ஊடும் தோழமை போய், சந்தைப் பூசல் போலாயிற்று. விசைத்தறிகள் இரவும் பகலும் தடதடக்கும் ஊரில் வளரும் பிள்ளைகள், கேட்கச் செய்தற்கு உரத்துப் பேசிப் பழகியவர். நம் சுவடியும் அவர்க்கு அதனையே இசையென்று கற்பித்துவிட்டது.

பூண்டியிலேயே பல ஆண்டுகட்கு முன் முதிய ஓதுவார் ஒருவர் அப்பதிகத்தைப் பாடக் கேட்டதுண்டு. அவர் மேற்றானத்தை எட்டுங்கால் உரப்பைக் குறைப்பார். ஓசை ஏற ஏறக் குரல் மெலிதாகி, ஒருவர் காதில் மற்றவர் சொல்லும் வழக்குப்போல் அவ்வினா நிற்கும். வலிவில் அடக்கல் என்று இதனைச் சொல்லலாம். மெலிவும் வலிவும் உரப்பின் பெயர்களாயின் அவர் செய்தது சொல்லளவிலேயே முரணாம். 'வலிவாகவும் மெலிவாகவும் ஒருங்கே பாடினார்' என்று எழுத நேரும். சாரங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் மந்தரம் நெஞ்சிலும், மத்திமம் மிடற்றிலும், தாரம் தலையிலும் தோன்றும் என்று எழுதிய நுட்பமும் அம்முதியவர் பாட்டில் விளங்கிற்று. ஓசை தலைக்கு ஏறியதன்றிக் கழுத்தில் நின்று போராடவில்லை.

சுவடியின் முதற் பக்கத்தில் மாற்றவேண்டுவன சிலவே. மெலிவு, சமன், வலிவு என்பவற்றிற்குக் கீழ்த்தானம், நடுத்தானம், மேற்றானம் என்று பொருள் எழுதுக. அவற்றின் பக்கத்தில் தளர்ந்த நரம்பொன்றும் இறுகிய நரம்பொன்றும் வரைந்து காட்டின் இன்னும் நன்று. உரத்துப் பாடுதற்கு ஆக்கல் என்றும், மெல்லப் பாடுதற்கு அடக்கல் என்றும் வேறு வரியில் எழுதுக. நாதம் என்பதற்கு வரையறை எழுத முயலவேண்டா. கோயிலில் உள்ள சங்கையும் சேமக்கலத்தையும் நாகசுரத்தையும் பிள்ளைகளைக் கண்மூடச் செய்து ஒவ்வொன்றாக ஒலித்துக் கேட்பித்தல் போதும். தொகுத்த அன்பரிடம் இவற்றைத் தெரிவித்தோம். அவர் மறுப்பின்றி ஏற்று, அச்சிட்ட படிகளில் அப்பக்கத்தின்மேல் ஒட்டுதற்குத் தனித்தாள் ஒன்று எழுதித் தரும்படி கேட்டுள்ளார்; எழுதிக்கொண்டிருக்கின்றோம்.